காந்தமும் ஐந்து பவுனும்

சென்ற மாதம் ஓர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். கேஸ் சிலிண்டர் தோம்பைத் தூக்கிப் பொருத்தும் வயதை நான் கடந்துவிட்டதாக என் மகள் என்னைக் கேட்காமலேயே தீர்மானித்திருந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் அடுப்பு விற்ற பையன் அதோடு ஒரு சின்னக் காந்தத்தையும் இலவசமாகக் கொடுத்தான். "ஆன்டி, வீட்ல இருக்கிற சட்டி பானை எல்லாத்திலயும் இத வச்சுப் பாருங்க. ஒட்டுறதுதான் இந்த அடுப்புல சூடாகும். ஒட்டாதத தூக்கிப் போட்டுருங்கலா" என்று சொல்லிக்கொடுத்தான்.

ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டினேன். காந்தத்தில் எது ஒட்டும், எது ஒட்டாது என்ற துறையில், பத்து வயதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் நான்தான் தலைமை அதிகாரி என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பதவி எனக்குக் கிடைத்த விதமும், அதை வைத்துக்கொண்டு நான் ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திய விதமும் அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

காந்தத்தைக் கொண்டுவந்தவர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அத்தை ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் சீப்புமாக ஓடுவார். அங்கே கட்டைவிரல் பருமனுள்ள காகிதக் குழாயில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுவது அவர் வேலை. சுற்றிய குழாயை ஒரு வட்டக் காந்தத்தின் நடுவே இறக்கி, கம்பியில் மின்சாரத்தை விட்டால் குழாய் துடிக்கும். அந்தத் துடிப்புதான் பாட்டாகவும் பேச்சாகவும் வெளியே வருகிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வானொலிக்குள் ஆள் இருக்கிறார் என்பதைவிட இது பெரிய புளுகாக இருந்தது.

ஓரம் சிதைந்துபோனதால் கழித்துப்போட்ட ஒரு வட்டக் காந்தத்தை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி எனக்குக் கொடுத்தார். கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு, அடிப்பிடித்த உளுந்து வடை போல இருந்தது. அம்மா முதலில் அப்படித்தான் நினைத்தார். "ஏன் இத இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்க?" என்று குப்பைத் தொட்டியருகே கொண்டுபோனவர், அது கையை விட்டுத் துள்ளித் தகர மூடியில் 'டொப்'பென்று ஒட்டிக்கொண்டதும் அலறினார்.

அன்றிலிருந்து அந்த வடை என் கூடவே இருந்தது. குளிக்கும்போது மட்டும் சோப்பு டப்பா அருகில் வைப்பேன்.

முதல் வாரத்திலேயே அது பெரியப்பா வீட்டுக்குள் போனது. பெரியப்பா, அப்பாவின் அண்ணன், ரயில்வேயில் குமாஸ்தா, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். எங்கள் வரிசையிலேயே முதல் கலர் டிவி அவருடையது. அதற்கு மேலே சரிகைத் துணி ஒன்று போர்த்தியிருக்கும். செய்தி நேரத்தில் பெரியம்மா அதைத் திரை விலக்குவதுபோல விலக்குவார். ஒருநாள் மாலை, செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, நான் என் வடையைத் திரையின் அருகே கொண்டுபோனேன். செய்தி வாசித்தவரின் முகம் ஊதாவாகி, பச்சையாகி, என் காந்தம் போன பக்கமெல்லாம் வளைந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. காந்தத்தை எடுத்த பிறகும் அந்த ஊதா போகாமல் அங்கேயே தங்கிவிட்டது என்பதுதான் சங்கடம்.

"யாரு செஞ்ச வேல இது?" என்று பெரியப்பா எழுந்தார். வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான்தான் என்பதால் விசாரணை நீளவில்லை.

முதுகில் இரண்டு அடி விழுந்த பிறகு, வேலை முடிந்து வந்த அத்தை திரையைக் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகலண்ணே. கண்ணாடிக்குப் பின்னால ஒரு இரும்புத் தகடு இருக்கு. அதுல காந்தம் ஏறிக்கிச்சு. எறக்கிரலாம்."

"ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் அது என்ன, சாமியா?"

"எங்க ஃபேக்டரில மெயின்டனன்ஸ்ல ஒருத்தரு இருக்காரு. கிள்ளான்காரரு. டிவியும் ரிப்பேர் பாப்பாரு. இதுக்குன்னே ஒரு வளையம் வச்சிருக்காரு. வரச் சொல்லவா?"

எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்த பதில் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு முதுகு வலித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியாக, சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு இருந்தார். கம்பி சுற்றிய ஒரு பெரிய வளையத்தின் பிளக்கைச் சுவரில் சொருகி, உயிர் வந்து உறுமிய வளையத்தை டிவியின் முன்னால் வட்டமாகச் சுற்றினார், ஆரத்தி எடுப்பதுபோலவே. சுற்றிக்கொண்டே ஓரடி ஓரடியாகப் பின்னால் நடந்து, வயர் எட்டுகிற தூரம் போனதும் அணைத்தார். ஊதா மறைந்திருந்தது. பெரியம்மா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் கோடி கோடியாக இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்குமாம். வெளியிலிருந்து ஒரு காந்தம் வந்தால், பள்ளி அசெம்பிளியில் கொடியைப் பார்த்து நிற்பதுபோல எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றுவிடுமாம். அந்த வளையம் அவற்றை இப்படியும் அப்படியுமாக உலுக்கி வகுப்புக்கு விரட்டிவிடுகிறது. இதை அத்தை எனக்குச் சொன்னார். அவர் சொல்லும்போது அந்த ஒல்லி மனிதர் டீயை ஆற்றிக்கொண்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால், டிவி எப்படி இருக்கிறது என்று பார்க்க அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். டிவி நன்றாகவே இருந்தது.

இதற்கிடையில் நான் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தேன். பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி. ஒட்டுவன: ஆணி, பிஸ்கட் டின், பால் டின், ஜன்னல் கம்பி, கொண்டை ஊசி, ஒரு காசு நாணயம். ஒட்டாதன: இருபது காசு, ஐம்பது காசு, குத்துவிளக்கு, அப்பாவின் வெள்ளி மோதிரம், மதியம் அம்மா அசந்து தூங்கும்போது சோதித்த தாலி. இந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும், மட்டமானது ஒட்டும், உசத்தியானது ஒட்டாது. ஒரு காசு ஓடிவந்து ஒட்டுகிறது. ஐம்பது காசு மதிக்கவே மாட்டேன் என்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அலுமினியக் குண்டான் மட்டும் என் சித்தாந்தத்துக்கு ஒத்துவரவில்லை. பல பெரியவர்கள் செய்ததையே நானும் செய்தேன். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

சித்தாந்தத்துக்கு ஆதரவு வந்தது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில். அம்மா எவர்சில்வர் டம்ளர் அரை டஜன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர், "அக்கா, இது மொத ரகம், துருவே பிடிக்காது" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது நான் வடையை நீட்டினேன். டம்ளர் பசக்கென்று ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். அம்மா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "காந்தத்தக் கொண்டுக்கிட்டு பாசாருக்கு வர்ற மொத ஆளு நீங்கதான்க்கா" என்று நொந்துகொண்டே உள்ளேயிருந்து வேறு டம்ளர் எடுத்தார். அவை ஒட்டவில்லை.

கதை குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு அக்காமார் கரண்டியும் குழம்புச் சட்டியுமாக என்னைத் தேடி வந்தார்கள். பெரியப்பாவே ஒருநாள், அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்த பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாரும் பார்க்காதபோது, "இத கொஞ்சம் பாரு" என்றார். ஒட்டியது. அந்தப் பேனாவை அப்புறம் அவர் பையில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தை தன் அண்ணன்கள் இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கிள்ளான்காரரையே கட்டிக்கொள்கிறேன் என்றார். அத்தைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வந்த வரன்களை எல்லாம் பெரியப்பா ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிட்டிருந்தார். அப்பா உடனே சரி என்றார். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவின் சரி, பெரியப்பாவின் சரிக்குப் பிறகுதான் செல்லும்.

பெரியப்பாவுக்கு மாப்பிள்ளையிடம் குறையில்லை. டிவியைக் காப்பாற்றியவர். மாப்பிள்ளையின் அம்மாதான் இடித்தார். கணவரை இழந்தவர், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவுகிறார். ரயில்வே குமாஸ்தா வீட்டுச் சம்பந்தம் என்றால் நாலு பேர் கேட்கமாட்டார்களா?

"நான் முடியாதுன்னு சொல்லல" என்றார் பெரியப்பா. "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு அஞ்சு பவுன்ல சங்கிலி போட்டு நிச்சயம் பண்ணட்டும். பண்ணுனா கல்யாணம். இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம்."

"அவங்களால முடியாதுண்ணே."

"முடியலன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

அத்தை அன்று சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, "இவரு இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம்" என்று மட்டும் சொன்னார். பேசும்போது குரல் உயரவில்லை. அதனால்தான் அப்பா பயந்தார்.

பத்து நாளில் கிள்ளானிலிருந்து தகவல் வந்தது. சங்கிலி போடுகிறார்கள், நாள் பாருங்கள்.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பா வீட்டில். வேனில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா, அக்காவின் கணவர். மாப்பிள்ளையின் அம்மா சின்ன உருவம். புதுப் புடவையின் மடிப்பு கலையாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்தார்கள். பழம், தேங்காய், புடவை, பூ. கடைசித் தட்டில், வெற்றிலை மேல், சிவப்புக் காகிதத்தில் அந்தச் சங்கிலி.

எனக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். பட்டுப்பாவாடையில் பை கிடையாது. வடையைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். பாவாடையின் ஊக்கு அதில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது. அறிவியலுக்காக நான் பட்ட ஒரே உடல் வேதனை அதுதான்.

யாரும் என்னைச் சோதிக்கச் சொல்லவில்லை. இதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். பெரியப்பா சங்கிலியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்ல" என்று திரும்ப வைத்தார். அந்தப் 'பரவால்ல'வில் திருப்தி இல்லை என்று எனக்குப் பட்டது. ஒரு நிபுணர் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? அய்யர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பாயில் தவழ்ந்துபோய், முடிச்சை அவிழ்த்து, காந்தத்தைச் சங்கிலியின் மேலே பிடித்தேன்.

சங்கிலி அசைந்தது. பாம்பு தலை தூக்குவதுபோல அதன் ஒரு முனை எழுந்து, துள்ளி, 'டிக்'கென்று காந்தத்தில் ஒட்டியது. நான் கையை உயர்த்தினேன். ஐந்து பவுனும் என் வடையிலிருந்து தொங்கி ஆடியது.

"பெரியப்பா, ஒட்டுது!"

அந்தக் குரலை நினைத்தால் இன்றும் காது சிவக்கிறது. அதில் இருந்தது சந்தோஷம்.

பாசார் மாலாம் கதை தெரியாதவர் அந்தப் பக்கம் இருக்கலாம். எங்கள் பக்கம் ஒருவருமில்லை. பெரியப்பா மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, கிள்ளான்ல இப்ப இரும்புலயும் சங்கிலி செய்றாங்களா?"

அந்த அம்மா தரையையே பார்த்தார். மடியில் இருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மாப்பிள்ளை, "அம்மா, என்னம்மா?" என்றார், அவருக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. அக்காவின் கணவர்தான் எழுந்தார். "கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா? வாங்க, வேன எடுக்கச் சொல்றேன்."

"போறதுன்னா போங்க. நாங்க பிடிச்சு வைக்கல" என்றார் பெரியப்பா.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஊக்கைவிட ஆழமாக இறங்கியது.

கூப்பிடும்வரை மணப்பெண் அறையிலிருந்து வெளியே வரக்கூடாது. அத்தை வந்தார். தலை நிறையப் பூவோடு நேராக நடந்துவந்து, பாயில் என் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"குடு."

கொடுத்தேன். காந்தத்திலிருந்து சங்கிலியைப் பிரித்து, ஒரு கணம் அதைக் கையில் வைத்திருந்தார். கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சங்கிலியைப் பாயில் நீளமாகப் போட்டு, கொக்கியிலிருந்து தொடங்கி, காந்தத்தை ஒவ்வொரு கண்ணியாக நகர்த்திக்கொண்டே போனார். கொக்கி மட்டும் துள்ளியது. மற்றதெல்லாம் செத்த புழுபோலக் கிடந்தது. மறு முனைவரை போய், திரும்பவும் வந்தார். அவசரமே இல்லை. எட்டு வருடம் கம்பி சுற்றிய கை.

"கொக்கி மட்டும்தான் ஒட்டுது. இங்க பாருங்க, இத அழுத்துனா உள்ள போயி வெளிய வருதில்ல? இதுக்குள்ள முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கு. தங்கத்துல ஸ்பிரிங் செஞ்சா துள்ளாது, வளைஞ்சுதான் போகும். அதனால ஸ்டீல்ல வைப்பாங்க. அதத்தான் காந்தம் இழுக்குது. மத்தது எதுவும் ஒட்டல."

பெரியப்பா அசையவில்லை. "அப்படின்னு நீ சொல்ற."

"அண்ணி, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார் அத்தை.

பெரியம்மா ஏன் எதற்கு என்று தெரியாமல் குனிந்தார். அத்தை அவர் பிடரியில் காந்தத்தைக் கொண்டுபோனார். 'டிக்.' பெரியம்மாவின் ஏழு பவுன் சங்கிலியின் கொக்கி காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

"இது நீங்க வாங்கிக் குடுத்ததுதானண்ணே?"

பெரியம்மா அந்த நிலையிலேயே, குனிந்தபடி, கழுத்தை மட்டும் திருப்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடங்களில் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. பெரியப்பாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, ஸ்பிரிங்கை ஏற்றுக்கொள்வது. இன்னொன்றை யோசிக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

"அட, ஸ்பிரிங்குலா!" என்றார், ஏதோ அவர்தான் கண்டுபிடித்ததுபோல. "நான்தான் மொதல்லயே நெனச்சேன். அப்ப தங்கம்தான?"

"நீங்களே பாருங்கண்ணே" என்று அத்தை காந்தத்தை அவரிடம் கொடுத்தார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்கிலி முழுக்கக் காந்தத்தை ஓட்டி, சபையை நிமிர்ந்து பார்த்து அறிவித்தார். "ஒட்டல. சுத்தமான தங்கம்!"

முதலில் சிரித்தது அக்காவின் கணவர். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து அத்தையின் கழுத்தில் சங்கிலியைப் போட்டார். கொக்கியை மாட்ட வரவில்லை; விரல்கள் அப்படி நடுங்கின. அத்தை தன் கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த விரல்களைப் பிடித்து, இருவருமாக மாட்டினார்கள். வயதாகிவிட்டால் கை நடுங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அம்மா என் காந்தத்தைப் பறிமுதல் செய்தார். எனக்கு அநியாயமாகப் பட்டது. இறுதியில் சங்கிலி தங்கம்தான் என்று நிரூபித்தது என் காந்தம்தானே?

இந்தப் பெருமிதம் மூன்று வருடம் நீடித்தது. இடைநிலைப் பள்ளியின் முதல் வருடத்தில், அறிவியல் கூடத்தில், ஆசிரியை ஆளுக்கொரு காந்தமும் ஒரு தட்டும் கொடுத்தார். தட்டில் உலோகத் துண்டுகள். நான் அனுபவசாலியின் அலட்சியத்தோடு தொடங்கினேன். இரும்பு ஒட்டியது. நிக்கல் ஒட்டியது. செம்பு ஒட்டவில்லை. பித்தளை, ஈயம், துத்தநாகம், அலுமினியம் எதுவும் ஒட்டவில்லை. அவ்வளவு அழுக்கான ஈயத் துண்டு தாலியைப் போலவே காந்தத்தை மதிக்காமல் கிடந்தது. காந்தத்துக்கு இரும்பையும் அதன் சொந்தக்காரர்களான நிக்கல், கோபால்ட் இரண்டையும்தான் அடையாளம் தெரியும், மற்றவற்றைப் பற்றி அதற்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது என்றார் ஆசிரியை.

நான் காந்தத்தைக் கீழே வைத்தேன். பித்தளைச் சங்கிலியும் ஒட்டாது. முலாம் பூசிய செம்பும் ஒட்டாது. அன்று பெரியப்பா வீட்டில் காந்தம் சொன்னது 'தங்கம்' என்று அல்ல. 'இரும்பு இல்லை' என்று. ஒரு வீடே சேர்ந்து அதைத் தங்கம் என்று கேட்டுக்கொண்டது.

அத்தையை எச்சரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். மாமாவும் அப்பாவும் முன்னால் பேசிக்கொண்டிருக்க, அத்தை பின்பக்கம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் அவர் மாமியார், அந்தச் சின்ன உருவம், மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அத்த, அன்னைக்கு நீங்க செஞ்ச டெஸ்ட் தப்பு."

"எந்த டெஸ்ட்டு?"

"நிச்சயத்தன்னிக்கு. செம்பும் ஒட்டாதாம், பித்தளையும் ஒட்டாதாம். ஒட்டலன்னா இரும்பு இல்லன்னுதான் அர்த்தம். தங்கம்னு அர்த்தம் இல்ல."

அத்தை ஒரு சட்டையை உதறினார். முகத்தில் சிரிப்பு தெரிந்தது. "இதக் கண்டுபிடிக்க உனக்கு மூணு வருசம் ஆச்சா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டு வருசம் தெனம் செம்புக் கம்பிய காந்தத்துக்கு நடுவுலதான எறக்குனேன்? செம்பு ஒட்டுற சாமானா இருந்தா ஒரு ஸ்பீக்கராச்சும் பாடியிருக்குமா?"

"அப்ப அந்தச் சங்கிலி..."

"கைல வாங்குனதுமே தெரிஞ்சுச்சு பாப்பா. சுத்துன கம்பி பத்து சுத்து கொறஞ்சாலே என் கை சொல்லிரும். தங்கமா இருந்தா அந்தச் சங்கிலி இன்னொரு மடங்கு கனம் இருக்கணும். அது செம்பு. மேல முலாம்."

"அப்புறம் ஏன் அத்த தங்கம்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? ஒட்டலன்னு சொன்னேன். தங்கம்னு சொன்னது ஒன் பெரியப்பா."

நான் அந்தக் காலையை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். அத்தை வாயிலிருந்து பொய் ஒன்றுகூட வரவில்லை. காந்தத்திடம், அது என்ன பதில் சொல்லும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியைச் சபையின் நடுவில் கேட்டார். அவ்வளவுதான். அந்த அறையில் இருந்தவர்களிலேயே காந்தத்தை முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு எது தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மாமாவுக்காகவா அத்த?"

"மாமாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." சட்டையில் கிளிப்பைக் குத்தினார். "அவங்கம்மாவப் பாத்தியா அன்னைக்கு? அஞ்சு பவுனுக்கு அவங்க எங்க போவாங்க? தட்டு கழுவுற சம்பளத்துல? அவங்களா போடுறேன்னு சொன்னாங்க? கேட்டது நம்ம வீடு. நாம கேட்டுட்டு, நாமளே அவங்கள நடுவுல நிக்க வச்சு..."

"நீங்க தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் நாங்க பேசுனதில்ல."

அப்போதுதான் அத்தையின் கழுத்தைப் பார்த்தேன். அதே சங்கிலி. அதே கண்ணி, அதே வளையக் கொக்கி. நான் பார்ப்பதை அத்தை கவனித்தார். அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

என் கை தாழ்ந்தது. எனக்கே தெரியுமளவுக்குத் தாழ்ந்தது.

"இது வேற!"

"ஷ்ஷ்." அத்தை என் வாயைப் பொத்தாத குறை. "போன தீபாவளிக்கு முன்னால, மங்கிப்போச்சு, பாலிஷ் போட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. ரெண்டு மூணு வருசம் எங்க எப்படிச் சேத்தாங்களோ. அதே டிசைன தேடிப் பிடிச்சிருக்காங்க பாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாலிஷ் நல்லா போட்டிருக்காங்கம்மான்னு சொன்னேன்."

"அவங்க?"

"தெரிஞ்ச கடைதான்னு சொன்னாங்க."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, உப்பு டப்பாவ எங்க வச்ச? எடுத்தா எடுத்த எடத்துல வைக்கிறதே இல்ல இந்த வீட்ல!"

"நேத்து நீங்கதான் எடுத்தீங்க, நான் தொடவே இல்ல!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே, சங்கிலியைக் கழுத்தில் மாட்டியபடி அத்தை உள்ளே ஓடினார். உப்பு டப்பா யார் வைத்த இடத்தில் இருந்தது என்ற தகராறு சற்று நேரம் கேட்டது.

நான் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்றேன். எனக்கு அவர்கள் இருவரையும் நினைத்துப் பரிதாபமாக இருந்தது. 'எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இதை முகம் பார்த்துப் பேசிக்கொள்ளத் தெரியவில்லை. உப்புக்குச் சண்டை போட மட்டும் தெரிகிறது. நான்தான் உள்ளே போய் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அறிவியல் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தேன்.

நல்லவேளையாக அதற்குள் மீன் பொரிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டார்கள்.